நரம்புக்கொரு சுரம்: ஸிதர் வகைக் கருவிகள், வாங்குபவர் பார்வையில் ஒரு மதிப்பீடு

ஸிதர் (zither; சிதார் அல்ல) வகைக் கருவி ஒன்றை வாங்க நினைப்பவர் பெரும்பாலும் ஏதோ ஓர் ஒலிப்பதிவைக் கேட்டு மயங்கித்தான் அந்த முடிவுக்கு வருகிறார். அந்த ஒலிப்பதிவில் காதில் விழாமல் போவது சுருதி சேர்க்கும் வேலை. வீணையிலோ கிதாரிலோ சில தந்திகளைச் சேர்த்துவிட்டால் மற்ற சுரங்களைத் தண்டியில் பதித்த மெட்டுகள் பார்த்துக்கொள்ளும். ஸிதர் குடும்பத்தின் பெரும்பாலான கருவிகளில் ஒரு சுரத்துக்கு ஒரு தந்தி, சிலவற்றில் மூன்று அல்லது நான்கு தந்திகள். ஆகவே, வாசிக்கப்போகும் ஒவ்வொரு சுரத்தையும் வாசிப்பவரே முன்கூட்டிச் சேர்த்து வைத்தாக வேண்டும். இந்த மதிப்பீட்டில் மரத்தின் அழகையும் செதுக்கு வேலையையும் ஒதுக்கிவிட்டு, சேர்த்த சுருதி எவ்வளவு நேரம் நிற்கிறது, ராகத்தை மாற்ற எவ்வளவு உழைக்க வேண்டியிருக்கிறது, மீட்டிய பிறகு அந்தச் சுரத்தை விரலால் அசைக்க முடிகிறதா என்பவற்றை வைத்தே ஒவ்வொரு கருவியையும் எடைபோட்டிருக்கிறேன். கர்நாடக இசைப் பழக்கம் உள்ள காது எனக்கு. மேற்கத்திய இசையிலிருந்து வருபவர் இதே கருவிகளை வேறு வரிசையில் வைக்கக்கூடும்.

எவையெல்லாம் இந்தக் குடும்பத்தில் சேரும் என்பதில் கடைக்காரர்களிடமே குழப்பம் இருக்கிறது. எரிக் ஃபான் ஹார்ன்பாஸ்டலும் குர்ட் சாக்ஸும் 1914-இல் வெளியிட்ட இசைக்கருவி வகைப்பாட்டின்படி, தந்தியைத் தாங்கும் உடலே கருவியாக இருப்பவை, அல்லது ஒலிபெருக்கும் பகுதியைக் கழற்றி எடுத்தாலும் தந்தியும் அதன் தாங்கியும் குலையாமல் நிற்பவை ஸிதர்கள். பலகை, பெட்டி, குழாய், கோல், தொட்டி என்று தாங்கியின் வடிவம் எதுவாகவும் இருக்கலாம். கழுத்துப் பகுதி கிடையாது. தந்திகள் உடலின் நீளத்துக்கு இணையாகவே ஓடும். இந்தக் கணக்கில், தந்திகள் ஒலிப்பெட்டியை விட்டு விலகி எழும் நம் பழைய யாழ் ஹார்ப் வகையாகிறது. குடத்திலிருந்து தண்டி நீளும் சரஸ்வதி வீணை லூட் வகையாகிறது. ஆனால் ஒரு நீண்ட தண்டியும் அதன் கீழே இரண்டு சுரைக்காய்களும் கொண்ட ருத்ர வீணை ஸிதர் வகையில் சேர்ந்துவிடுகிறது. பியானோவின் உள்ளே இருப்பதும் பெரியதொரு ஸிதர்தான். வகைப்பாட்டில் கருத்து வேறுபாடு கொள்ளலாம். ஆயினும், வாங்கும்போது கருவியின் பெயரைவிட அதன் அமைப்பைப் பார்க்க வேண்டும் என்பதை இது நன்றாகவே உணர்த்துகிறது.

நான் மிக அதிகமாக வாசித்துப் பார்த்திருப்பதும், ராகம் வாசிக்க விரும்புவோருக்கு முதலில் பரிந்துரைப்பதும் சீனத்தின் குசெங். இன்று தரமாகக் கருதப்படும் அமைப்பில் அதற்கு 21 தந்திகள். நீளம் சுமார் 163 செ.மீ. உருக்குக் கம்பியின் மேல் நைலான் சுற்றிய தந்திகள், ஒவ்வொன்றுக்கும் கீழே அதைத் தாங்கும், நகர்த்தக்கூடிய ஒரு சிறு கட்டையான குதிரை, வளைந்த பாலோனியா மரப் பலகை. ஆரம்பச் சுருதி இரண்டு கட்டையை ஆதார சட்ஜமாகக் கொண்ட ஐந்து சுர வரிசை. அது நமக்கு அப்படியே மோகனம். மிகத் தாழ்ந்த சட்ஜத்திலிருந்து மிக உயர்ந்த சட்ஜம் வரை நான்கு முழு ஸ்தாயிகள் கிடைக்கின்றன. பஞ்சமத் தந்திகளுக்குப் பச்சை நிறம் பூசியிருப்பதால் ஒரே மாதிரி தோன்றும் தந்திக் கூட்டத்தில் கை வழிதவறுவதில்லை.

சேர்த்ததை மாற்றாமலேயே இந்தக் கருவி எவ்வளவு தருகிறது என்பதுதான் அதன் முதல் சிறப்பு. அதே தந்திகளில் ரிஷபத்தை ஆதாரமாகக் கொண்டால் மத்யமாவதி, காந்தாரத்தைக் கொண்டால் ஹிந்தோளம், பஞ்சமத்தைக் கொண்டால் சுத்த சாவேரி, தைவதத்தைக் கொண்டால் சுத்த தன்யாசி. இப்படி ஆதார சுரத்தை மாற்றி வேறு ராகம் பெறும் கிரக பேதத்தைப் பாடப் புத்தகத்தில் மட்டும் படித்தவருக்கு அதைக் கையால் தொட்டு உணர இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரிந்து வேறில்லை. மோகனத்தை ஐந்து கட்டைக்கு மாற்ற வேண்டுமானால் காந்தாரத் தந்திகள் நான்கை மட்டும் அரைச் சுரம் உயர்த்தினால் போதும். குதிரையை வலப்புறம் சற்றே நகர்த்தினால் தந்தி குறுகி சுரம் ஏறிவிடும்; முறுக்காணிச் சாவியைத் தொடவே வேண்டியதில்லை. ஆனால் இப்படி நகர்த்தும்போது குதிரை சாய்ந்து விழுந்தால் பலகையில் தழும்பு விழும். ஒரு கையால் தந்தியைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மற்றொரு கையால் நகர்த்தும் பழக்கம் வரும்வரை அவசரப்படக் கூடாது.

இரண்டாவது சிறப்பு இடது கைக்கு உரியது. குதிரைக்கு வலப்புறம் மீட்டிவிட்டு இடப்புறத்தில் அதே தந்தியை அழுத்தினால் சுரம் உயர்கிறது. காந்தாரத் தந்தியை அழுத்திச் சுத்த மத்யமத்தையும், தைவதத் தந்தியை அழுத்தி இரண்டு நிஷாதங்களையும் பெறலாம். ஆக, ஐந்து சுரக் கருவியில் ஹரிகாம்போஜியும் சங்கராபரணமும் எட்டும் தூரத்தில் வந்துவிடுகின்றன. அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தால் கம்பிதம் என்ற அசைவு வருகிறது. மேலிருந்து கீழே இறங்கும் ஜாருவுக்கு மட்டும் முன்கூட்டியே தந்தியை அழுத்திப் பிடித்து மீட்டிவிட்டு, பிறகு மெல்ல விட வேண்டும்; அதற்கு நீண்ட பயிற்சி தேவை. தாழ்ந்த ஸ்தாயித் தந்திகள் தடிமனாக இருப்பதால் அழுத்துவதற்குக் கடினம். சுத்த ரிஷபம் போன்ற சுரங்களைச் சட்ஜத் தந்தியை அழுத்தி எடுக்கலாம் என்பது உண்மைதான், ஆனால் விரைவான சங்கதிகளில் அது நம்பகமானது அல்ல. மாயாமாளவகௌளை வாசித்துப் பழக நினைப்பவர் குதிரைகளை நகர்த்திக்கொள்வதே நல்லது.

குறைகளைச் சொல்லாமல் விட முடியாது. பயிற்சிக் கருவிகளில் பலகையின் மேல் ஒட்டிய படங்களும் சிப்பி வேலைப்பாடும் மிகுந்திருக்க, பலகை மரம் சரியாக உலராமல் இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அத்தகைய கருவியில் நடு ஸ்தாயி இனிமையாகவே ஒலிக்கும். கீழ் ஸ்தாயியில் மீட்டியவுடன் ஒலி அடங்கிவிடும். கடையில் சோதிக்கும்போது எல்லோரும் நடுவிலுள்ள தந்திகளையே வருடுகிறார்கள். மிகத் தாழ்ந்த தந்தியைத் தனியாக மீட்டி, அதன் கார்வை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்டுப் பார்ப்பது மேலும் பயன்தரும். எடுத்துச் செல்ல வசதியான குட்டி குசெங்குகளில் இந்தக் குறை கூடவே வருகிறது. தந்தியின் நீளம் குறையும்போது அதே சுருதிக்கு இழுவிசையும் குறைந்து, கீழ்த் தந்திகள் தொளதொளவென்று ஆகிவிடுகின்றன. பயணத்துக்கு மட்டுமே வேண்டுமென்றால் அவற்றை வாங்கலாம். விரல்களில் நாடாவால் கட்டிக்கொள்ளும் செயற்கை நகங்கள் கருவியோடு வரும். அவை அநேகமாக மெல்லிய பிளாஸ்டிக்காக இருக்கும் என்பதால் முதல் நாளே மாற்றிவிடலாம்.

குசெங்கின் உறவினர்களில் ஜப்பானியக் கோட்டோவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அதை வீட்டில் பராமரிப்பது எளிதல்ல. நாரா காலத்தில், அதாவது எட்டாம் நூற்றாண்டில், சீனத்திலிருந்து ஜப்பானுக்கு வந்த இக்கருவிக்கு 13 தந்திகள். பாரம்பரிய அமைப்பில் முறுக்காணி கிடையாது. தந்திகளைக் கைத்தேர்ந்தவர் ஒருவர் இழுத்துக் கட்டிக் கொடுப்பார், அதன்பின் சுருதி முழுவதும் குதிரைகளின் இடத்தைப் பொறுத்ததே. தந்தி தளர்ந்தால் மீண்டும் அதே ஆளைத் தேட வேண்டும். யாட்சுஹாஷி கெங்யோ என்ற பார்வையற்ற கலைஞர் 17-ஆம் நூற்றாண்டில் பரவலாக்கிய ஹிராஜோஷி என்ற சுருதி அமைப்பு நம் கர்நாடக சுத்த சாவேரி என்ற ராகத்தின் (மேலே சொன்ன சுத்த சாவேரி அல்ல) சுரங்களையே தருகிறது; முதல் வருடலிலேயே நமக்கு வீட்டுக்கு வந்தது போன்ற உணர்வு ஏற்படுவதற்கு அதுவே காரணம். 1921-இல் மியாகி மிச்சியோ உருவாக்கிய 17 தந்திக் கோட்டோ தாழ்ந்த சுரங்களுக்கானது. தனி வாசிப்புக்கு முதற்கருவியாக அதை வாங்குவதில் பொருளில்லை.

கொரியாவின் கயாகும் வேறு கதை. கயா நாட்டு அரசர் காசிலின் காலத்தில், ஆறாம் நூற்றாண்டில் தோன்றியதாகக் கொரிய வரலாறு கூறும் இக்கருவி, கலைஞர் உரூக்கின் மூலம் சில்லா நாட்டுக்குச் சென்றது. பட்டுத் தந்திகள் 12. தரையில் அமர்ந்து, ஒரு முனையைத் தொடைமேல் வைத்து, செயற்கை நகம் ஏதுமின்றி விரலின் சதையால் இழுத்தும் நகத்தால் சுண்டியும் வாசிப்பார்கள். பட்டு தளர்வாக இருப்பதால் இடது கையின் அழுத்தத்துக்கு அது தாராளமாக வளைகிறது. நான் கேட்டவரை, ஸிதர் குடும்பத்தில் நம் கமகத்துக்கு மிக அருகில் வரும் அசைவு கயாகுமில்தான் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிம் சாங்ஜோ வடிவமைத்ததாகச் சொல்லப்படும் சாஞ்சோ என்ற தனி வாசிப்பு முறை, மிக மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக விரைவடைகிறது. ராகம் தானம் பல்லவியைக் கேட்டுப் பழகியவருக்கு அதன் போக்கு அந்நியமாகத் தோன்றாது. வாங்கும்போது 12 தந்திச் சாஞ்சோ கயாகுமா, 25 தந்திக் கொண்ட நவீன வடிவமா என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். பின்னது செயற்கை இழைத் தந்திகளும் ஏழு சுர அமைப்பும் கொண்டது. மேற்கத்திய பாணி இசைக்கு வசதியானது, ஆனால் பழைய கருவியின் நெகிழ்வை அதில் எதிர்பார்க்கக் கூடாது. பட்டுத் தந்தி ஈரப்பதத்துக்கு உடனே சுருதி மாறும் என்பதை ஒப்புக்கொண்டுதான் 12 தந்திக் கருவியை வாங்க வேண்டும். அந்தத் தொந்தரவுக்கு அது தகுதியானதே.

சீனத்தின் மற்றொரு கருவியான குச்சினை இவற்றோடு சேர்த்து ஒரே அலமாரியில் வைத்திருந்தாலும், அது முற்றிலும் வேறு இயல்புடையது. ஏழு தந்திகள், குதிரைகள் கிடையாது, மெட்டுகளும் கிடையாது. பலகையின் ஓரத்தில் பதித்த 13 சிறு வட்டக் குறிகள் தந்தியின் பின்னப் பிரிவுகளைக் காட்டுகின்றன. அவற்றின் நேரே தொட்டுத் தொடாமல் விரல் வைத்தால் நாத இழையொலிகள் பிறக்கும். அழுத்தி இழுத்தால் கோட்டுவாத்தியத்தில் கேட்பது போன்ற ஜாரு. வெறும் தந்தி, அழுத்திய தந்தி, இழையொலி ஆகிய மூன்று நாதங்களை மாற்றி மாற்றிக் கோப்பதுதான் இக்கருவியின் இலக்கணம். அதன் சுரக் குறிப்பு எந்தத் தந்தி, எந்த இடம், எந்த விரல், எந்த அசைவு என்று மட்டுமே சொல்லும். கால அளவைச் சொல்லாது. எனவே ஒரே உருப்படி ஆசிரியருக்கு ஆசிரியர் வேறுபடுகிறது. குவான் பிங்ஹூ வாசித்த உருப்படி ஒன்று 1977-இல் வாயேஜர் விண்கலத்தின் பொன் தட்டில் ஏறி விண்வெளிக்குப் போயிருக்கிறது. குச்சின் இசையை யுனெஸ்கோ 2003-இல் மானுடத்தின் வாய்மொழி மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது.

வாங்குபவராகப் பார்த்தால் இதன் பெரிய தகுதி சுருதி சேர்க்கும் வேலை ஏழு தந்திகளோடு முடிந்துவிடுவது. பெரிய தடை ஒலி. குச்சின் மிக அடங்கிய குரல் கொண்டது. மின்விசிறி ஓடும் அறையில்கூட அதன் ஜாருக்களின் பாதி காணாமல் போய்விடும். அரக்குப் பூச்சு நேர்த்தியாக இல்லாத மலிவுக் கருவிகளில் தந்தி பலகையில் பட்டுச் சரசரக்கும். அந்தச் சரசரப்பையும் மரபின் ஒரு பகுதி என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. விரல் இழுபடும்போது எழும் மெல்லிய உராய்வு மரபுதான். ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் எழும் அதிர்வுச் சத்தம் பலகை மட்டமில்லாததன் விளைவு. இரண்டையும் பிரித்தறிய, ஒரே தந்தியை நெடுக அழுத்தி ஒவ்வோர் இடத்திலும் மீட்டிப் பார்த்தால் போதும்.

பொறியியல் நோக்கில் என்னை மிகவும் வியக்க வைத்தது மேற்காசியாவின் கானூன். சரிவகப் பெட்டி, ஒரு சுரத்துக்கு மூன்று தந்திகள் வீதம், 26 சுரவரிசைகள் கொண்ட கருவியில் 78 தந்திகள். குதிரையின் கால்கள் மரப் பலகையில் நில்லாமல் மீன் தோலோ ஆட்டுத் தோலோ போர்த்திய சிறு சட்டங்களின் மேல் நிற்கின்றன. அதனால்தான் அதன் ஒலியில் மிருதங்கத்தின் தோலை நினைவூட்டும் ஒரு துடிப்பு இருக்கிறது. இடப்புறத்தில் ஒவ்வொரு தந்திக் கூட்டத்தின் கீழும் வரிசையாகச் சிறு உலோக நெம்புகோல்கள். ஒன்றைத் தூக்கினால் சுரம் நுண்ணளவில் உயரும். துருக்கிய கானூன்களில் ஓர் அரைச் சுரத்தை ஆறாகப் பிரித்து, ஒரு ஸ்தாயியில் 72 படிகள் அமையும்படி இந்த நெம்புகோல்களைப் பொருத்துகிறார்கள். அரபுக் கருவிகளில் எண்ணிக்கை இதைவிடக் குறைவு. வாசிப்பின் நடுவிலேயே இடது கை ஒரு நெம்புகோலைத் தட்டி, நம் ராகத்துக்கு ஒப்பான மக்காமை மாற்றிவிடுகிறது.

22 சுருதிகளைப் பற்றிப் படித்தவர்களுக்கு இதைக் கண்டதும் ஆசை பிறக்கும். எனக்கும் பிறந்தது. தோடியின் காந்தாரத்தை எந்தப் படியில் வைக்கலாம் என்று நெம்புகோல்களை மாற்றி மாற்றிப் பார்த்தபோது தெரிந்த உண்மை, அந்தக் காந்தாரம் எந்தப் படியிலும் நிற்பதில்லை என்பதே. சுரத்தின் இடத்தை நுட்பமாக வரையறுக்கும் கருவி அது. சுரங்களுக்கு இடையிலான பயணத்தைத் தருவதற்கு அது செய்யப்படவில்லை. தேர்ந்த கலைஞர்கள் விரல் நகத்தால் தந்தியை அழுத்திச் சிறு வழுக்கல்களைக் கொண்டுவருகிறார்கள். அது அலங்காரம் என்ற அளவில்தான் நிற்கிறது. மக்காம் இசையைக் கற்க விரும்புபவருக்கு கானூனுக்கு மாற்றே இல்லை. நம் ராகங்களுக்காக மட்டும் வாங்குவது என்றால் வேண்டாம் என்றே சொல்வேன். 78 தந்திகளை மூன்று மூன்றாக ஒத்திசைத்துச் சேர்ப்பது அன்றாட வேலையாகிவிடும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஸிதர் என்ற பெயராலேயே உலகம் அறிந்திருப்பது ஆல்ப்ஸ் மலைப் பகுதியின் கச்சேரி ஸிதரை. மேசைமேல் வைத்து வாசிக்கும் தட்டையான பெட்டி. மேசையே அதன் ஒலிக்குத் துணை நிற்கிறது. வாசிப்பவருக்கு அருகில் மெட்டுகள் பதித்த பலகையின் மேல் ஐந்து மெட்டுத் தந்திகள். அவற்றுக்கு அப்பால் துணைத் தந்திகளும் மந்திரத் தந்திகளுமாகச் சுமார் முப்பது. இடது கை ஐந்து தந்திகளில் சுரம் பிடிக்க, வலது கைக் கட்டைவிரலில் அணிந்த வளைய நகம் அவற்றை மீட்ட, அதே வலது கையின் மற்ற விரல்கள் துணைத் தந்திகளைத் தேடிப் போக வேண்டும். ஒரே கையை இரண்டாகப் பிரித்து வேலை வாங்கும் இந்த ஏற்பாட்டைப் போலக் கடினமானது இந்தக் குடும்பத்தில் வேறில்லை.

அந்தக் கடினத்தைத் தாங்கக்கூடியதாக்கியது 19-ஆம் நூற்றாண்டில் நிகோலாஸ் வைகல் வகுத்த சுருதி வரிசை. துணைத் தந்திகளைச் சுர ஏற்றமாக அடுக்காமல், ஒவ்வொரு தந்தியும் முந்தையதன் பஞ்சமமாக அமையும்படி அவர் அடுக்கினார். சட்ஜம், பஞ்சமம், ரிஷபம், தைவதம், காந்தாரம் என்று அடுத்தடுத்து வரும் ஐந்து தந்திகளுக்குள் மேற்கத்திய இசையின் ஒரு மேஜர் சுரச் சேர்க்கையும் (chord) ஒரு மைனர் சேர்க்கையும் அடங்கிவிடுகின்றன. விரல்களின் அதே விரிவை அப்படியே பக்கவாட்டில் நகர்த்தினால் அடுத்த சுருதியின் சேர்க்கை வந்துவிடும். காகிதத்தில் குழப்பமாகத் தோன்றும் இந்த ஏற்பாடு கைக்கு அருமையாக அமைகிறது. பவேரியக் கோமகன் மாக்சிமிலியன், யோஹான் பெட்ஸ்மாயர் என்ற கலைஞரின் வாசிப்பைக் கேட்டு ஈர்க்கப்பட்டுத் தாமே கற்றுக்கொண்டார். மதுக்கடைகளில் ஒலித்த கருவி அரண்மனைக்குள் நுழைந்தது. 1868-இல் யோஹான் ஸ்ட்ராஸ் தம் வால்ட்ஸ் ஒன்றில் ஸிதருக்குத் தனிப் பகுதி எழுதினார். 1949-இல் வெளிவந்த ஒரு திரைப்படத்துக்கு வியன்னாவின் ஆன்டன் கராஸ் தனி ஸிதரை மட்டுமே கொண்டு அமைத்த இசை அதை உலகெங்கும் கொண்டுசென்றது.

புதிதாக வாங்க நினைப்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது ம்யூனிக் சுருதியா வியன்னா சுருதியா என்பதை. மெட்டுத் தந்திகளின் வரிசையே இரண்டிலும் வேறு. ஒன்றுக்கான பாடப் புத்தகம் மற்றொன்றுக்கு உதவாது. பழைய கருவிகள் ஏராளமாக விற்பனைக்கு வருவதால் அவற்றின் பக்கம் மனம் சாயும். அவற்றில் பாதிக்கு மேல் கச்சேரி ஸிதரே அல்ல. தந்திகளின் கீழே எண் குறித்த தாளைச் செருகி, புள்ளிகளைப் பின்பற்றி வாசிப்பதற்காகத் தொழிற்சாலைகளில் பெருமளவில் செய்து வீடுதோறும் விற்ற கிதார் ஸிதர்கள் அவை. மெட்டுப் பலகை இல்லையென்றால் அது கச்சேரி ஸிதர் இல்லை என்பது போதுமான அடையாளம். எந்த வகையானாலும், முறுக்காணிகள் பதிந்திருக்கும் கட்டையில் நெடுக்கு வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெடிப்பிருந்தால் எத்தனை புதுத் தந்தி கட்டினாலும் சுருதி நிற்காது. பலகை குதிரைக்குக் கீழே குழிந்திருந்தால் அதையும் வாங்கக் கூடாது. கமகத்துக்கு இக்கருவி இடம் தருமா என்றால், மெட்டுத் தந்திகளில் ஓரளவு தரும். ஆனால் மெட்டுகள் தாழ்வானவை, வீணையில்போல் தந்தியை இழுத்து நான்கு சுரம் எடுப்பது நடவாது.

அமைதியாக எதையேனும் மீட்டிக்கொண்டிருக்க வேண்டும், பெரிதாகக் கற்க நேரமில்லை என்பவருக்கு ஃபின்லாந்தின் ஐந்து தந்திக் காந்தெலேயைத் தயங்காமல் சொல்வேன். ச ரி க ம ப என்று ஐந்தே சுரங்கள்; காந்தாரத்தைச் சாதாரணமாகவோ அந்தரமாகவோ வைத்துக்கொள்ளலாம். எலியாஸ் லன்ரோட் நாட்டுப் பாடல்களைத் திரட்டி 1835-இல் வெளியிட்ட காவியத்தில் முதிய வீரன் வைனமாய்னன் ஒரு பெருமீனின் தாடை எலும்பால் செய்வது இந்தக் கருவியைத்தான். அரை ஸ்தாயிக்குள் அடங்கிய இசை சலித்துவிடாதா என்ற ஐயம் எனக்கும் இருந்தது. உருக்குத் தந்திகளின் நாதம் அடங்காமல் ஒன்றன்மேல் ஒன்று படிந்துகொண்டே போவதால், சுரங்கள் குறைவாக இருப்பதே நன்மையாக முடிகிறது. குழந்தைகளுக்கும் ஏற்றது. 39 தந்திகள் கொண்ட கச்சேரிக் காந்தெலேயில் சுருதி மாற்றும் நெம்புகோல்கள் உண்டு. அது தொழில்முறைக் கலைஞருக்கானது.

சுவரமண்டலத்தைத் தனிக் கருவியாக மதிப்பிடுவது நியாயமாகாது. படே குலாம் அலி கானின் மடியில் அது இருந்ததற்குக் காரணம், பாடும் ராகத்தின் சுரங்கள் முழுவதும் பின்னணியில் மிதந்துகொண்டிருக்க வேண்டும் என்பதே. தம்புரா ஆதாரத்தைத் தருகிறது, சுவரமண்டலம் ராகத்தையே தருகிறது. பாடுபவருக்கு அது அருமையான துணை. ஆனால் ராகத்துக்கு ராகம் முப்பதுக்கும் மேற்பட்ட தந்திகளை மாற்றிச் சேர்க்க வேண்டியிருக்கும். ஒரு கச்சேரியில் நான்கு ராகம் பாடுபவர் இதைச் சிந்தித்துத்தான் வாங்க வேண்டும். சிறு கருவிகளில் முறுக்காணிகள் நெருக்கமாக இருப்பதால் சாவி அடுத்த ஆணியில் இடிக்கும். ஆணிகளின் இடைவெளியைக் கவனிப்பது நல்லது.

ஆட்டோஹார்ப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பொத்தானை அழுத்தினால் கம்பளித் துணி ஒட்டிய சட்டம் வேண்டாத தந்திகளை அடக்கிவிடும். எஞ்சியவை ஒரு மேற்கத்தியச் சேர்க்கையாக ஒலிக்கும். அந்த வகைப் பாட்டுக்குத் துணையாக நன்றாகவே இருக்கிறது. ராக இசைக்கு அந்தச் சட்டங்களைக் கழற்றிவிட்டுத்தான் பயன்படுத்த முடியும். அப்போது அது விலை கூடிய சுவரமண்டலமாகிவிடும். தட்டச்சுப் பொறிபோல் விசைகள் கொண்ட புல்புல் தாராவை விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்குபவர்கள், 1912-இல் நகோயா நகரில் மொரிட்டா கோரோ உருவாக்கிய தைஷோ கோட்டோவே அதன் மூலம் என்பதை அறிந்தால் சற்று மரியாதை காட்டக்கூடும். விசைகளின் இரைச்சலும் மெட்டுகளின் துல்லியக் குறைவும் நீங்காத வரை என் கருத்தில் மாற்றமில்லை: கேட்டுப் பழகிய பாட்டை உடனே வாசிக்கும் மகிழ்ச்சிக்கு வாங்கலாம், கற்றுக்கொள்வதற்கு வேண்டாம்.

சந்தூரை இங்கே சேர்க்கலாமா என்று யோசித்தேன். கோலால் தட்டி வாசிக்கும் கருவிகளும் அமைப்பில் ஸிதர்களே. ஈரானியச் சந்தூரில் நான்கு நான்காக 72 தந்திகள். காஷ்மீரத்துச் சந்தூர் சூஃபியானா இசைக்கு மட்டுமே உரியதாக இருந்தபோது அதை இந்துஸ்தானி மேடைக்கு ஏற்றதாக மாற்றியமைத்த சிவகுமார் சர்மா, மீண்டு என்ற வழுக்கல் இயலாத கருவியில் கோல்களைத் தந்தியின்மேல் அதிரவிட்டு நீட்டொலியைக் கொண்டுவந்தார். இந்த அளவுகோலில் பார்த்தால் சுருதி வேலை மிக அதிகம், கமகம் மிகக் குறைவு. ஆயினும் அதன் நாதத்தில் ஒருவர் மனத்தைப் பறிகொடுத்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் எடுபடாது என்பதையும் அறிவேன்.

மடகாஸ்கரின் வலீஹா கிடைப்பது அரிது; கிடைத்தால் விடக் கூடாது. தடித்த மூங்கில் குழாயைச் சுற்றிலும் நீளவாக்கில் தந்திகள். ஒவ்வொன்றின் கீழும் சுரைக்காய் ஓட்டுத் துண்டு ஒன்று குதிரையாக. முன்பு மூங்கிலின் மேல்தோலையே இழையிழையாகக் கீறித் தூக்கித் தந்தியாக்கினார்கள். இன்று மிதிவண்டியின் பிரேக் கம்பியைப் பிரித்துக் கட்டுகிறார்கள். இரு கைகளாலும் குழாயின் இரு பக்கங்களையும் மீட்டும்போது ஒலி முன்னும் பின்னுமாகச் சுழல்கிறது. சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்யும் வலீஹாக்களில் மூங்கில் பச்சையாகவே இருந்து பின்னர் பிளந்துவிடும் வாய்ப்பு உண்டு. குழாயின் இரு முனைகளையும் உற்றுப் பார்த்தால் வெடிப்புத் தொடங்கியிருப்பது தெரிந்துவிடும்.

எதை வாங்கினாலும் கூடவே வாங்க வேண்டியவை சில. முறுக்காணிச் சாவி இரண்டு, ஏனெனில் ஒன்று எப்படியும் காணாமல் போகும். ஆணியின் தலை சதுரமா நீள்சதுரமா என்று பார்த்து அதே அளவில் வாங்க வேண்டும். பலகையில் ஒட்டி அதிர்வை உணரும் சுருதிமானி. கைபேசிச் செயலிகள் தாழ்ந்த தந்திகளில் மேல் இழையொலியைப் பிடித்துக்கொண்டு தவறான சுரத்தைக் காட்டுவதுண்டு. புதுத் தந்திகள் சில வாரங்கள் இழுபட்டுக்கொண்டே இருக்கும் என்பதால் அந்தக் காலத்தில் கருவியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. மாற்றுத் தந்தி வாங்கும்போது முழுத் தொகுப்பையும் வாங்குவதைவிட அதிகம் அறுபடும் உச்ச ஸ்தாயித் தந்திகளை இரட்டிப்பாக வாங்கி வைப்பது பயன்படும். குசெங்கில் ஒவ்வொரு தந்திக்கும் தனித் தடிமன், உறையின் மேல் எண் இருக்கும். எண்ணிக்கை உச்ச ஸ்தாயியிலிருந்து தொடங்குவதால், முதலாம் எண் மிக மெல்லியது, 21-ஆம் எண் மிகத் தடித்தது. கீழ் ஸ்தாயியிலிருந்து எண்ணுபவர் தவறான தந்தியோடு வீடு திரும்ப நேரிடும்.